நூலில் தொங்கிய படிகம்: விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணனின் கதை

காஞ்சிபுரத்துப் பட்டு நூலுக்கு முறுக்கேற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முறுக்கு ஏறிய இழையின் நுனியைக் கைவிட்டால் அது சும்மா இருக்காது. ஏறிய முறுக்கு தானாகவே அவிழப் பார்க்கும். நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், அந்தக் கல் கிறுகிறுவென்று சுற்றும்.

எவ்வளவு முறுக்கினோமோ அவ்வளவு வேகம்! நெசவாளர் வீட்டுச் சிறுவர்களுக்கு இது ஒரு விளையாட்டு.

இந்த விளையாட்டையே பெரிய ஆராய்ச்சியாக மாற்றினார் ஒரு தமிழர். மெல்லிய இழையின் நுனியில் சிறு படிகம் ஒன்றைத் தொங்கவிட்டார். அதைக் காந்தத்தின் நடுவே வைத்தார். மேலே இருந்த திருகை மெல்ல முறுக்கினார். படிகம் எப்போது திரும்புகிறது என்று பார்த்தார். அவ்வளவுதான்!

அதிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் படிகத்துக்குள் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொன்னார். உலகத்து விஞ்ஞானிகள் வியந்தார்கள்.

அவர்தான் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். சுருக்கமாக கே. எஸ். கிருஷ்ணன்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் இன்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1993-ல் தொடங்கியது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு ராமன் பெயர் தெரியும். ராமன் கண்டுபிடிப்பில் தோள் கொடுத்த கிருஷ்ணன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

வத்திராயிருப்பு

கிருஷ்ணன் பிறந்தது 1898-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ந் தேதி. பிறந்த ஊர் வத்திராயிருப்பு. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர்.

அவருடைய தந்தை விவசாயி. அதோடு தமிழிலும் வடமொழியிலும் நல்ல புலமை உள்ளவர். வயலையும் ஏட்டையும் ஒன்றாகப் பார்த்துக் கொண்டவர். இரண்டு மொழிகளிலும் கிருஷ்ணனுக்கு இருந்த பற்று, வீட்டிலிருந்தே வந்தது. கடைசி வரை அது குறையவில்லை.

ஆண்டாள் கோயில் கோபுரம் வானளாவ நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதன் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. இந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சபை

பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில் கிருஷ்ணனுக்கு வேலை கிடைத்தது. ரசாயனப் பிரிவில் மாணவர்களுக்குச் சோதனைகள் செய்து காட்டும் வேலை.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் மற்றவர்கள் ஓய்வு எடுக்கப் போவார்கள். கிருஷ்ணன் போகமாட்டார். மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லிவிடுவார். பௌதிகமா, ரசாயனமா, கணிதமா, எதுவானாலும் சரி.

கேள்விகள் பறந்து வரும். அவர் சளைக்காமல் விளக்குவார்.

இந்தச் சாப்பாட்டு நேரத்துச் சபையின் புகழ் பரவியது. பக்கத்துக் கல்லூரிகளில் இருந்தும் மாணவர்கள் வரத் தொடங்கினார்கள்! சம்பளம் வாங்காமல் நடத்திய இந்த வகுப்புதான், கிருஷ்ணன் நல்ல ஆசிரியர் என்பதை முதலில் காட்டியது.

ஆனால் அவர் மனம் வேறு இடத்தில் இருந்தது.

கல்கத்தா அழைத்தது

அந்த நாளில் கல்கத்தாவில் ஒரு தமிழர் விஞ்ஞான உலகைக் கலக்கிக் கொண்டிருந்தார். அவர் சி. வி. ராமன். சர்க்கார் கணக்கு இலாகாவில் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர்.

பௌபஜார் தெருவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் நிறுவியது. அங்கே ராமன் இரவு பகலாக ஆராய்ச்சி செய்து வந்தார்.

1920-ல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். 1923-ல் ராமனின் ஆராய்ச்சித் துணைவர் ஆனார்.

ஒளி ஒரு திரவத்தின் வழியே போகும்போது சிதறுகிறதே, அதைப் பற்றித்தான் அங்கே ஆராய்ச்சி. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து ராமன் தொடங்கிய வேலை அது. கிருஷ்ணன் திரவங்களைச் சுத்தம் செய்வார். சூரிய ஒளியைப் பாய்ச்சுவார். சிதறும் ஒளியைக் கவனிப்பார். கணக்கிலும் அவர் கெட்டிக்காரர்.

அங்கே இன்னொரு வேலையிலும் ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து ஈடுபட்டார்கள். திரவங்களைக் காந்தத்தின் நடுவே வைத்தால் அவற்றின் வழியே போகும் ஒளிக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஒரு மூலக்கூறு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி காந்தத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பது அதில் தெரிந்தது. கிருஷ்ணனின் மனத்தில் அப்போதே ஒரு விதை விழுந்துவிட்டது.

1928 பிப்ரவரி

1928-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அதற்கு முன் சில காலம் கிருஷ்ணன் கணக்குப் போடும் வேலையிலேயே மூழ்கியிருந்தார். ராமன் அவரை மறுபடியும் சோதனைச் சாலைக்கு இழுத்து வந்தார்.

சூரிய ஒளியை வடிகட்டி ஒரு நிறத்தை மட்டும் திரவத்துக்குள் செலுத்தினார்கள். சிதறி வந்த ஒளியில் அந்த நிறம்தானே இருக்க வேண்டும்? ஆனால் வேறு நிறமும் மங்கலாகத் தெரிந்தது! சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அப்படியே.

பிப்ரவரி 28-ந் தேதி அது சந்தேகத்துக்கு இடமின்றி உறுதியானது. இதுதான் ராமன் விளைவு. அந்த நாளைத்தான் இந்தியா 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது.

இங்கிலாந்துப் பத்திரிகை நேச்சரில் இதைப் பற்றி வெளியான முதல் கடிதத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ராமன். மற்றொன்று கிருஷ்ணன். அந்த மாதம் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று கிருஷ்ணன் எழுதி வைத்த நாட்குறிப்பு, அந்த வரலாற்றுக்கு இன்றும் சாட்சியாக இருக்கிறது.

1930-ல் நோபல் பரிசு வந்தது. ராமன் ஒருவருக்கே வந்தது.

கிருஷ்ணனுக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. இன்றும் சொல்கிறார்கள். கிருஷ்ணன் அந்த வழக்கில் இறங்கவில்லை. பரிசு அறிவிக்கப்பட்ட நேரத்தில் அவர் கல்கத்தாவிலேயே இல்லை. வேறு ஊரில், வேறு ஒரு கேள்விக்கு விடை தேடிக் கொண்டிருந்தார்.

ஆறு கடந்து டாக்கா

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆசிரியராகச் சேர்ந்தார். இன்று பங்களாதேஷின் தலைநகரமாக இருக்கும் டாக்காதான். கல்கத்தாவிலிருந்து ரயிலில் போய், பத்மா ஆற்றில் நீராவிப் படகு ஏறி, மறுபடியும் ரயில் பிடித்துப் போகவேண்டிய ஊர் அப்போது.

1921-ல் தொடங்கிய புதிய பல்கலைக்கழகம் அது. ஆனால் அங்கே சத்தியேந்திரநாத் போஸ் இருந்தார். ஐன்ஸ்டீன் பெயரோடு தம் பெயரையும் சேர்த்துச் சொல்ல வைத்த மேதை!

உலகமே ராமன் விளைவைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தது. அதே துறையில் கிருஷ்ணன் தொடர்ந்திருந்தால் எளிதாகப் பெயர் வாங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கல்கத்தாவில் மனத்தில் விழுந்த விதையை டாக்காவில் எடுத்து நட்டார்.

கேள்வி இதுதான்: படிகத்தின் காந்த குணம் பக்கத்துக்குப் பக்கம் மாறுமா? மாறினால், எவ்வளவு மாறும்?

பாவும் ஊடும் போல

படிகம் என்றால் என்ன? கற்கண்டு ஒரு படிகம். உப்புக் கல் ஒரு படிகம். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் நாளடைவில் கற்கண்டு விளைகிறது அல்லவா? மூலக்கூறுகள் ஒழுங்காக, வரிசை தவறாமல் வந்து அடுக்கிக் கொள்வதால்தான் அது பட்டை பட்டையாக மின்னுகிறது.

நெய்த துணியில் பாவு நூல் ஒரு பக்கம் ஓடும். ஊடு நூல் குறுக்கே ஓடும். துணியை நீளவாக்கில் இழுப்பதும், குறுக்குவாக்கில் இழுப்பதும், மூலைக்கு மூலை இழுப்பதும் ஒன்றாக இருக்காது. படிகமும் அப்படித்தான். ஒரு பக்கம் காட்டும் குணத்தை இன்னொரு பக்கம் காட்டாது.

காந்தம் இரும்பைத்தான் இழுக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காந்தத்துக்குக் கட்டுப்படாத பொருளே இல்லை. மயில்துத்தத்தைக் காந்தம் இலேசாக இழுக்கும். துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையை இலேசாகத் தள்ளும். இந்த இழுப்பும் தள்ளலும் மிக மிகச் சிறியவை. ஆகவே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

படிகத்தைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டால் அது ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பி நிற்கப் பார்க்கும். இதை மைக்கேல் ஃபாரடே 1840-களின் கடைசியிலேயே கண்டார். ஆனால் அதைத் துல்லியமாக அளக்க எளிய வழி வேண்டியிருந்தது. அந்த வழியைத்தான் கிருஷ்ணன் கண்டுபிடித்தார்.

சட்டென்று திரும்பியது!

கிருஷ்ணன் எடுத்துக் கொண்டது பட்டு நூல் அல்ல, குவார்ட்ஸ் இழை. குவார்ட்ஸ் என்பது வெண்ணிறக் கல். அதை உருக்கித் தலைமுடியை விட மெல்லிய இழையாக இழுக்கலாம். 1887-ல் பாய்ஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு வேடிக்கையான வழி கண்டார். உருகிய குவார்ட்ஸை அம்பின் வாலில் ஒட்டி, வில்லிலிருந்து எய்துவிட்டார்! அம்பு பறந்த வழியெல்லாம் இழை நீண்டது. எத்தனை முறை முறுக்கினாலும் பழைய நிலைக்குச் சரியாகத் திரும்புவது இந்த இழையின் பெருமை.

இழையின் கீழ் நுனியில் ஒரு சிறு படிகம். அதன் இரு பக்கமும் காந்தத்தின் இரு முனைகள். மேல் நுனியில் ஒரு திருகு. அதைச் சுற்றி டிகிரிக் கோடுகள்.

காந்தத்தின் நடுவே படிகம் தனக்குப் பிடித்த பக்கம் திரும்பி நின்றுகொள்கிறது. இப்போது மேலே திருகை மெல்லச் சுற்ற வேண்டும். இழை முறுக்கேறுகிறது. முறுக்கு படிகத்தைத் திருப்பப் பார்க்கிறது. காந்தமோ விடமாட்டேன் என்று பிடித்துக் கொள்கிறது.

அடம்பிடிக்கும் கன்றுக்குட்டியைக் கயிற்றால் இழுப்பது போலத்தான். கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மனம் வந்து நகராது.

படிகம் தன் இடத்திலிருந்து 45 டிகிரி விலகும் வரை காந்தத்தின் பிடி வலுத்துக் கொண்டே போகும். அதைத் தாண்டினால் பிடி தளரும். இழையின் முறுக்கு வென்றுவிடும். அவ்வளவுதான், படிகம் சட்டென்று சுழன்று திரும்பிவிடும்!

அந்த நொடியில் மேலே திருகு எத்தனை டிகிரி சுற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இழையின் வலு தெரியும். காந்தத்தின் பலம் தெரியும். படிகத்தின் எடை தெரியும். கணக்குப் போட்டால், படிகத்தின் காந்த குணம் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று வந்துவிடும்.

பெரிய இயந்திரம் இல்லை. ஏராளமான பணம் இல்லை. இழை, படிகம், காந்தம், திருகு, கணக்கு. இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அந்துருண்டை சொன்ன ரகசியம்

குகா, பானர்ஜி, சக்கரவர்த்தி ஆகியோர் கிருஷ்ணனோடு சேர்ந்து உழைத்தார்கள். அவர்களுடைய முதல் பெரிய கட்டுரைகள் 1933-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின.

அந்துருண்டை செய்யும் நாப்தலீனை எடுத்துக் கொள்வோம். அதன் மூலக்கூறு அப்பளம் போலத் தட்டையானது. அதற்குள் எலெக்ட்ரான்கள் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல வளையமாகச் சுற்ற முடியும். காந்தப் புலம் அந்த அப்பளத்துக்குச் செங்குத்தாக வரும்போது தள்ளல் மிக அதிகமாக இருக்கும். அப்பளத்தோடு படிந்து வரும்போது குறைவாக இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால், படிகம் முழுவதையும் அளந்து, உள்ளே அப்பளங்கள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து அடுக்கியிருக்கின்றன என்று சொல்லிவிடலாம்! படிகத்தை உடைக்கவேண்டாம், கரைக்கவேண்டாம்.

எக்ஸ்ரே கதிரைக் கொண்டு படிகங்களின் அமைப்பை ஆராய்ந்தவர்களுக்கு இது பெரிய துணையாக இருந்தது. அந்தத் துறையில் புகழ்பெற்ற காத்லீன் லான்ஸ்டேல் அம்மையார், 1936-ல் கிருஷ்ணனோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் ராயல் சொசைட்டியில் முதன்முதலாக இடம்பெற்ற இரண்டு பெண்களில் ஒருவர் இந்த அம்மையார்.

அக்கம்பக்கத்தார் செல்வாக்கு

அடுத்து, காந்தம் இழுக்கும் உப்புகள். மயில்துத்தம், நிக்கல் உப்பு, கோபால்ட் உப்பு, மாங்கனீஸ் உப்பு.

இவற்றில் உள்ள உலோக அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அது தனியாக இருந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். ஆனால் படிகத்துக்குள் அது தனியாக இல்லை. சுற்றிலும் அக்கம்பக்கத்து அணுக்கள். அவற்றின் மின்சக்தி அதைத் தாக்குகிறது. அதனால் அந்தக் குட்டிக் காந்தத்துக்கு ஒரு பக்கம் எளிதாகவும், மறு பக்கம் கடினமாகவும் ஆகிவிடுகிறது.

இந்தத் தத்துவத்தை 1929-ல் பெத்தே என்பவரும், பிறகு அமெரிக்காவில் வான் விளெக் என்பவரும் கணக்கில் வகுத்திருந்தார்கள். கணக்கு சரியா என்று பார்க்க அளவுகள் வேண்டுமே! கிருஷ்ணனின் இழையும் படிகமும் அந்த அளவுகளைக் கொடுத்தன. கோபால்ட் உப்பில் பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் மிக அதிகம். நிக்கலில் கொஞ்சம். மாங்கனீஸில் அநேகமாக இல்லை. தத்துவமும் அளவும் கைகோத்துக் கொண்டன. வான் விளெக் 1977-ல் நோபல் பரிசு பெற்றார்.

1933-ல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். அதே பௌபஜார் தெரு நிலையத்தில், மகேந்திரலால் சர்க்கார் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அங்கே கங்குலி என்ற மாணவரோடு சேர்ந்து கிராஃபைட்டை ஆராய்ந்தார். நம் பிள்ளைகள் எழுதும் பென்சிலின் உள்ளே இருக்கும் கறுப்புப் பொருள்தான் அது. தகடு தகடாக அடுக்கிய அந்தப் பொருளைக் காந்தம் ஒரு பக்கம் பலமாகத் தள்ளுகிறது. மறு பக்கம் மிகக் குறைவாகவே தள்ளுகிறது. தகட்டுக்குள் எலெக்ட்ரான்கள் தங்குதடையின்றி ஓடுவதே காரணம் என்று விளக்கினார்.

சீமையில் வரவேற்பு

1936, 1937 ஆண்டுகளில் கிருஷ்ணன் ஐரோப்பா சென்றார். அணுவைப் பிளந்து காட்டிய ரூதர்ஃபோர்டு அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். லண்டனிலும் அவர் சொற்பொழிவு ஆற்றினார். பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகம் பதக்கம் அளித்தது.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தப் பெருமை ராமானுஜத்துக்குக் கிடைத்தது, ராமனுக்குக் கிடைத்தது, இப்போது வத்திராயிருப்புக் கிருஷ்ணனுக்கும் கிடைத்தது. நூலில் தொங்கிய படிகம் அவரை அவ்வளவு தூரம் கொண்டு போய்ச் சேர்த்தது!

1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1946-ல் சர் பட்டம்.

டில்லியில்

நாடு சுதந்திரம் பெற்ற 1947-ல் கிருஷ்ணனுக்குப் பெரிய பொறுப்பு வந்தது. டில்லியில் உருவாகி வந்த தேசியப் பௌதிக ஆராய்ச்சிசாலைக்கு அவரே முதல் டைரக்டர். ஜவஹர்லால் நேரு அந்த ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அடிக்கல் நாட்டியிருந்தார். 1950 ஜனவரியில் சர்தார் பட்டேல் திறந்து வைத்தார். ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு, ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்று நாட்டுக்கே அளவு சொல்லும் இடம் அது. வாழ்நாள் முழுதும் நுட்பமாக அளந்தவரிடம் அந்தப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான்.

1948-ல் அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது ஹோமி பாபா தலைவர். பட்நாகரும் கிருஷ்ணனும் உறுப்பினர்கள். 1949-ல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். 1954-ல் பத்மபூஷண். 1958-ல் பட்நாகர் பெயரில் ஏற்பட்ட விஞ்ஞானப் பரிசு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, அது கிருஷ்ணனுக்குத்தான் கொடுக்கப்பட்டது.

எத்தனை பதவி வந்தாலும் ஆராய்ச்சியை விடவில்லை. ஃபைல்களுக்கு நடுவிலும், பழுக்கக் காய்ச்சிய கம்பியிலிருந்து எலெக்ட்ரான்கள் எப்படி வெளியேறுகின்றன என்று கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார்.

முழு மனிதர்

விஞ்ஞானி என்றால் எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருப்பார் என்று நினைக்க வேண்டாம். கிருஷ்ணன் டென்னிஸ் ஆடுவார். கால்பந்தில் ஆசை உண்டு. தமிழ் இலக்கியம், வடமொழி இலக்கியம் இரண்டையும் சுவைத்துப் பேசுவார். கதை சொல்வதில் வல்லவர். அவர் பெரிய விஞ்ஞானி என்பதை விட, எல்லா வகையிலும் நிறைந்த முழு மனிதர் என்பதே தம்மைக் கவர்ந்தது என்ற பொருளில் நேரு அவரைப் பாராட்டினார்.

1961-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி டில்லியில் கிருஷ்ணன் காலமானார். மாரடைப்பு. வயது 62. அவர் உருவாக்கிய ஆராய்ச்சிசாலை இருக்கும் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கறுப்புக் கல் பொன்னானது

கிருஷ்ணன் மறைந்தார். அவர் கேட்ட கேள்வி மறையவில்லை. படிகத்துக்குள் அக்கம்பக்கத்தார் ஓர் அணுவின் காந்த குணத்தை எப்படி மாற்றுகிறார்கள்? அந்தக் கேள்வி அடுத்து அருமண் உலோகங்கள் பக்கம் போனது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதில் சீரியம், நியோடிமியம், சமேரியம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கின்றன. இவைதான் அருமண் உலோகங்கள். இவற்றைப் பிரித்தெடுக்க 1950-ல் இந்திய அரசு ஒரு கம்பெனியைத் தொடங்கியது.

இந்த உலோகங்களில் காந்த குணம் தரும் எலெக்ட்ரான்கள் அணுவின் ஆழத்தில், பெட்டிக்குள் பெட்டி வைத்தது போல ஒளிந்திருக்கும். ஆகவே அக்கம்பக்கத்தாரால் அவற்றை எளிதில் அசைக்க முடியாது. ஆனால் சில சமயம் அந்தப் பெட்டியும் திறந்துகொள்கிறது!

1970-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் ஓர் அதிசயம் நடந்தது. பெங்களூரில் ராமனிடம் இருந்து பயின்ற ஏ. ஜெயராமனும் அவருடைய தோழர்களும் சமேரியமும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருளை ஆராய்ந்தார்கள். நிறம் கறுப்பு. காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 6,500 மடங்கு அழுத்தம் கொடுத்தார்கள். கறுப்புப் படிகம் பளபளவென்று பொன்னிறமாக மாறிவிட்டது! காஞ்சிப் பட்டின் ஜரிகை போல!

என்ன நடந்தது? கறுப்பாக இருந்தபோது ஒவ்வொரு சமேரிய அணுவும் தன் எலெக்ட்ரான்களில் இரண்டை விட்டுக்கொடுத்திருந்தது. அழுத்தியதும், ஒளிந்திருந்த மூன்றாவது எலெக்ட்ரானும் வெளியே தலைகாட்டியது. முழுவதும் வரவில்லை, உள்ளேயும் தங்கவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அணு ஊசலாடியது. இதைக் கலப்பு இணைதிறன் என்பார்கள்.

காந்த குணத்தில் இது விசித்திரமான விளைவைத் தருகிறது. இரண்டைக் கொடுத்த சமேரிய அணுவில், உள்ளே உள்ள காந்த சக்திகள் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். மூன்றைக் கொடுத்த அணு ஒரு குட்டிக் காந்தம். அப்படியானால் பொன்னிறப் பொருளைக் குளிர வைத்தால் அந்தக் குட்டிக் காந்தங்கள் வரிசையாக நிற்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. அணு ஊசலாடிக் கொண்டே இருப்பதால் அதன் காந்தம் நிலைப்படுவதில்லை. சுமார் 20,000 மடங்கு காற்றழுத்தம் கொடுத்தபோதுதான் அவை வரிசைக்கு வந்தன. அது தெரிய வந்தது 2004-ல்!

நீங்களும் செய்து பார்க்கலாம்

அதே அருமண் குடும்பத்து நியோடிமியத்தால் செய்த சிறு காந்தங்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஏனாத்தூரிலோ வேறு எந்த ஊரிலோ படிக்கும் மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காந்தம் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், விழுங்கினால் ஆபத்து.

தேய்ந்தால் மாற்றிப் போடும் மெல்லிய பென்சில் முனை ஒன்றை எடுங்கள். முறுக்கேறாத ஒற்றைப் பட்டு இழையில், அதன் நடுவில் கட்டித் தராசுக் கோல் போலத் தொங்கவிடுங்கள். காற்று படக்கூடாது. அது அசையாமல் நிற்கும் வரை பொறுத்திருங்கள். பிறகு ஒரு முனையின் அருகே காந்தத்தை மெதுவாகக் கொண்டு போங்கள்.

பென்சில் முனை மெல்ல மெல்ல விலகிப் போகும். கை தொடவில்லை, காற்றும் அடிக்கவில்லை. காந்தம்தான் தள்ளுகிறது.

டாக்காவில் நோபல் பரிசுச் செய்தி வந்த ஆண்டிலும் கிருஷ்ணன் இப்படித்தான் ஓர் இழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைக்கு வராத பரிசை எண்ணி அவர் நாளைக் கழிக்கவில்லை. எதிரே தொங்கிய படிகம் எப்போது திரும்பும் என்று பார்த்துக் கொண்டிருந்தார். அது திரும்பியது.